முருகையன் வீடு எது?

"உன் வீட்டுக்காரர் பேர் என்னம்மா?" என்று மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரகுபதி மூன்றாவது தடவையாகக் கேட்டான். தேவானை மூன்றாவது தடவையாக முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே கீற்றுப் பந்தல் போட்டு, பர்மாவிலிருந்து தப்பி வருகிறவர்களின் பேர்களை எழுதி வைத்துக்கொண்டு, தேடி வரும் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லும் இடம் அது. ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. முன்னால் நின்றவர்கள் வந்தார்கள், அண்ணன் பேரையோ மகன் பேரையோ சொன்னார்கள், நகர்ந்தார்கள். புருஷனைத் தேடி வந்தவர்கள்கூட மாமனாரையோ மச்சானையோ கையோடு கூட்டி வந்திருந்தார்கள். தேவானைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அவளோடு வந்தது ஐந்து வயது மகள் சுலோச்சனா மட்டும்தான்.

"கேக்கறது காதுல விழறதோ இல்லையோ? பேர் தெரியாம நான் யாரைன்னு தேடறது?"

"வடபழனியில கீறாரே, அவரு பேருதாங்க" என்றாள் தேவானை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"அவருக்கு ஆயிரம் பேர் இருக்கும்மா. நான் ஒண்ணொண்ணாச் சொல்லிண்டு உட்கார்ந்திருந்தா இந்த வரிசை நாளன்னிக்குத்தான் நகரும்."

பின்னால் நின்ற கூட்டம் சிரித்தது. "சாமியே வந்து சொல்லுவாரு, நீ தள்ளும்மா" என்றார் ஒருவர். ரகுபதி கெட்டவன் இல்லை. மயிலாப்பூர் மாட வீதிப் பிள்ளை. காலேஜுக்குப் போகாமல் இந்தத் தொண்டுக்கு வந்து காலையிலிருந்து தொண்டை வறள எழுதிக்கொண்டிருந்தான். அவ்வளவுதான். தேவானைக்கு முகமெல்லாம் எரிந்தது. அம்மாவின் கைப்பிடி இறுகியதில் மணிக்கட்டு வலித்த சுலோச்சனா, எப்படியாவது வீட்டுக்குப் போனால் போதும் என்று வாயைத் திறந்தாள். "எங்க நைனா பேரு சேட்டு" என்றாள். அப்பாடா என்று ரகுபதி எழுதினான். சேட்டு, மயிலாப்பூர், கால்வாய்க் கரை. தேவானை ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள். அடுத்தவர் மேஜைக்கு வந்துவிட்டார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தேவானையின் புருஷன் பேர் சேட்டு இல்லை. முருகையன். அது அவனுடைய தாத்தாவின் பேர். அப்பனைப் பெற்றவரின் பேரை மூத்த பேரனுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். வைத்தது வைத்துவிட்டார்கள், கூப்பிடுவது யார்? பெற்ற தாய் சுப்பம்மா தன் மாமனார் பேரை வாயால் சொல்ல முடியுமா, நாக்கு அழுகிப் போகாதா? பிள்ளை கொழுகொழுவென்று சவுக்கார்பேட்டைக் கடைக்காரர் மாதிரி இருந்ததால் அவள் 'சேட்டு' என்று கூப்பிட ஆரம்பித்தாள். தெருவும் அப்படியே கூப்பிட்டது. கிழவர் செத்துப் பதினெட்டு வருஷம் ஆகியும் முருகையன் என்றால் தெருவுக்கு அந்தக் கிழவர்தான், பேரன் சேட்டுதான். பிறகு தேவானை வாழ வந்தாள். தாலி கட்டும்போது பூசாரி ஒரு தரம் அந்தப் பேரைச் சொன்னார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அதோடு சரி.

ஆக, ஒரே வீட்டில் இரண்டு பெண்கள், இரண்டு காரணத்துக்காக, ஒரே பேரை வாயில் எடுக்காமல் காலம் தள்ளினார்கள். அந்தப் பேரின் வாடை அடிக்கிற எதையும் சொல்லமாட்டார்கள். கோயிலில் இருப்பவர் 'வடபழனியாரு'. முருங்கைக்காய் 'நீட்டுக்காய்'. சுலோச்சனா காய்க்காரியிடம் போய் நீட்டுக்காய் கேட்டு, அவள் புடலங்காயைக் கொடுத்தனுப்பி, அதற்கு ஒரு பஞ்சாயத்தே நடந்திருக்கிறது. தன் அப்பனுக்கு முருகையன் என்று ஒரு பேர் இருக்கிறது என்பதே அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. யார் சொல்லித் தெரியும்?

சேட்டு என்று தேடினால் கிடைக்கமாட்டான் என்ற பயம் மேஜை முன்னால் நிற்கும்போதே தேவானைக்கு வந்தது. ரங்கூன் துறைமுகத்துக்கு மூட்டை தூக்க ஆள் கூட்டிப் போன மேஸ்திரியின் நோட்டில் அவன் முருகையன்தான். கப்பல் சீட்டிலும் முருகையன்தான். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வந்தாள் என்றால் அதற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. கால்வாய்க் கரையில் பொன்னம்மா என்று ஒருத்தி இருந்தாள். சண்டையில் புருஷனைப் பேர் சொல்லித் திட்டிவிட்டாள். எட்டாம் நாள் அவன் விறகுப் படகுக்கும் கரைக்கும் நடுவில் விழுந்து போய்ச் சேர்ந்தான். குடித்திருந்தான், விழுந்தான் என்று ஆண்கள் சொன்னார்கள். பெண்கள் அப்படிச் சொல்லவில்லை. நன்றாக இருந்த காலத்திலேயே ஒன்பது வருஷமாகச் சொல்லாத பேர் அது. இப்போது மனுஷன் எந்தக் காட்டில் எந்த மரத்தடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடக்கிறானோ. இந்த நேரம் பார்த்து, கட்டினவளே வாயைத் திறந்து அவன் ஆயுசில் கை வைப்பாளா? சேட்டு என்றே இருக்கட்டும், வருகிறவன் வந்துதான் தீருவான் என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டு நடந்தாள்.

விடிந்தால் அவளுக்கு நிற்க நேரம் கிடையாது. கால்வாயில் தெற்கேயிருந்து விறகும் உப்பும் ஏற்றிக்கொண்டு படகுகள் வரும். படகுக்காரர்களுக்கு ஆப்பம் சுட்டு விற்பதுதான் வீட்டுக்குச் சோறு. அதற்கும் யுத்தம் வந்து மண்ணைப் போட்டது. இருட்டில் அடுப்பு வெளிச்சம் தெரியக் கூடாது என்று, விமானக் குண்டுக்குக் காவல் பார்க்கும் ஏ.ஆர்.பி.காரர்கள் திட்டிவிட்டுப் போனதிலிருந்து, நன்றாக வெளுத்த பிறகுதான் அடுப்பு மூட்ட முடிந்தது. அதற்குள் பாதிப் படகு போய்விடும். பர்மா அரிசி வரத்து நின்றுபோய், ஒரு படி அரிசிக்கு மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கேழ்வரகு மாவைக் கலந்து ஊற்றினாள். கறுத்துப்போன ஆப்பத்தைப் பார்த்துப் படகுக்காரர்கள் முகம் சுளித்தார்கள், தின்றார்கள். மகளுக்குப் பேன் பார்ப்பது, மாமியாருக்கு வெந்நீர் போடுவது, கூரைக்கு ஓலை மாற்ற ஆள் பிடிப்பது, தண்ணீர்க் குழாயில் குடுமிப்பிடிச் சண்டை போடுவது என்று எல்லாம் அவள் தலையில். வீட்டில் ஆம்பிளை இல்லை என்று யாரும் ஒரு பேச்சுப் பேசிவிடாமல் நாலு வருஷம் ஓட்டியிருந்தாள்.

ஓரம் கருகின ஆப்பம் என்றால் அவனுக்கு உசிர். முதல் ஆப்பத்தை வேண்டுமென்றே கருகவிட்டுத் தட்டில் வைப்பது பழக்கமாகிவிட்டது. அவன் போய் நாலு வருஷம் ஆகியும் கை அதைச் செய்தது. அதை எடுத்துத் தானே தின்பாள், கால்வாயைப் பார்த்துக்கொண்டு. தின்னும்போதெல்லாம் அவன் நினைப்புதான். ஆசைதான், வேறென்ன. நாலு வருஷமாகப் பக்கத்தில் ஆளில்லாத பாயில் படுத்து எழுந்திருப்பவளுக்கு ஆசை இல்லாமல் வேறு என்ன இருக்கும். அவன் கழுத்து ஞாபகம் இருந்தது, மூட்டை தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன தோள் ஞாபகம் இருந்தது, குடிசைக்கு வெளியே நின்று செருமுகிற சத்தம் ஞாபகம் இருந்தது. முகம் மட்டும் முழுசாக வர மறுத்தது. மாதா மாதம் வந்த கடுதாசி எல்லாம் அம்மாவுக்குத்தான்: "தாயார் சுப்பம்மாளுக்கு சேட்டு எழுதிக்கொண்டது." கடைசி வரியில் "சுலோச்சனாவையும் அதன் தாயாரையும் கேட்டதாகச் சொல்லவும்" என்று இருக்கும். தபால்காரர் அந்த வரிக்கு வரும்வரை அவள் கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஒரு மாதத்துக்கு அவள் பங்கு அந்த அரை வரி. டிசம்பருக்குப் பிறகு அதுவும் இல்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் சென்ட்ரல் பந்தலுக்கு நடப்பாள். அப்படிப் போகும்போதுதான் ராயப்பேட்டை குல்சும் சிநேகிதமானாள். குல்சும் தன் அண்ணனைத் தேடி வந்தாள். மேஜையை நெருங்குவதற்கு முன்னாலேயே "இனாயத், ரங்கூன் மொகல் தெருவுல டெய்லர்" என்று கணீரென்று சொல்லிவிடுவாள். பிப்ரவரி கடைசியில் அந்த இனாயத் வந்து சேர்ந்தான். எலும்பும் தோலுமாக, கல்கத்தா ரயிலிலிருந்து யாரோ தூக்கி இறக்கிவிட்டார்கள். குல்சும் அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு நடைபாதையில் உட்கார்ந்து அழுததைத் தேவானை தள்ளி நின்று பார்த்தாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கூடவே நெஞ்சில் ஒரு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலுக்காகத் தன்னையே நொந்துகொண்டாள்.

பத்து நாள் கழித்து குல்சும் கால்வாய்க் கரைக்கு வந்தாள்.

"அண்ணனைக் கேட்டேன் தேவானை. சேட்டுன்னு ஒருத்தரையும் பாக்கலியாம். நெறைய பேரு கூடவே நடந்து வந்தாங்களாம், வழியிலேயே..." என்று நிறுத்திக்கொண்டாள். "அது அவரு நெசப் பேருதானா?"

தேவானை கரண்டியால் மாவைக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது. அல்லா பேரையே அஞ்சு வேளை சொல்றோம், மனுசன் பேரைச் சொன்னா இன்னா கொறஞ்சிடும்?"

"ஒனுக்குச் சொல்ல அண்ணன்டி. எனுக்கு அப்டி இல்ல" என்றாள் தேவானை. அதற்கு மேல் குல்சும் வற்புறுத்தவில்லை.

ஏப்ரல் பிறந்தது. கொழும்பில் குண்டு விழுந்தது, மறுநாள் காக்கிநாடாவிலும் விசாகப்பட்டினத்திலும் விழுந்தது. அடுத்தது மதராஸ்தான் என்று ஊரே மூட்டை கட்டியது. வேலை இல்லாதவர்கள் வெளியேறலாம் என்று சர்க்காரும் சொல்லிவிட்டது. மாட வீதிகளில் வீட்டுக்கு வீடு பூட்டு. ஜட்காவுக்கும் கைவண்டிக்கும் அடிதடி. தியாகராய நகரில் பங்களாவையே விட்டுவிட்டுப் போனார்களாம், ஆடு மாடு மேய்கிறதாம் என்று படகுக்காரர்கள் கதை சொன்னார்கள். பிறகு படகுகளும் வரவில்லை. சுட்ட ஆப்பம் மிஞ்சியது. கால்வாய்க் கரையில் நாற்பது குடிசையில் முப்பத்தைந்து காலி. உத்திரமேரூரில் தங்கை வீட்டுக்குப் போய்விடலாம் என்று சுப்பம்மா தினமும் நச்சரித்தாள்.

"அது வந்து பாத்தா வூடு பூட்டிக் கெடக்குமே அத்தே" என்பாள் தேவானை.

"அவன் வரும்போது நாம உசுரோட இருக்க வோணாமா? குண்டு உன்னைக் கேட்டுக்கினா வுழும்? கொயந்தைய வச்சிக்கினு இன்னாடி ரோசனை?"

கிழவி சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அவளுக்கும் பெற்ற வயிறுதான். மகன் போன நாலு வருஷமாக ஒரு நல்லது கெட்டதுக்குப் போனதில்லை, பூ வைத்துக்கொண்டவர்களைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வாள். ஆனால் பேத்தியைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டு தேவானை இறங்கி வந்தாள். சித்திரை பிறக்க இரண்டு நாள் இருந்தது. சரி, போகலாம் என்றாள். சொல்லிவிட்டு மூலையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதாள்.

மறுநாள் உச்சி வேளையில் பாத்திரங்களைக் கோணியில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் சுப்பம்மா அதைச் சொன்னாள். சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, வாய் சும்மா இருக்காமல் சொன்னாள்.

"கலி முத்திப் பூட்ச்சிடி. செத்தவங்களைக் கூட வுடமாட்றானுங்க. முந்தாநாளு நீ சென்ட்ரலாண்ட போயிருந்தப்ப ஒரு காக்கிச் சட்டைக்காரன் வந்தான். வந்து எங்க மாமனாரு வூட்டைக் கேக்கறான்."

"இன்னான்னு கேட்டான்?"

"அவரு பேரைச் சொல்லி, வூடு எதுன்னான். அந்தக் காலத்துல இப்டித்தான் காக்கிச் சட்டை போட்டுக்கினு வந்து கள்ளுக்கடை சண்டைக்கு அவரை இஸ்துகினு போவானுங்க. இந்த வூடுதான், அவரு பூட்டாருப்பான்னேன். எப்பன்னான். அது ஆச்சுப்பா எத்தினியோ காலம்னேன். அவன் ஒரு மாரி பாத்துட்டு எழுதிக்கினு பூட்டான்."

தேவானை கோணியைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மொத்தமாகப் புரிந்தது. மாமியாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழவி மெல்வதை நிறுத்தினாள். இரண்டு பேருக்கும் நடுவில், நாற்பது வருஷமாக ஒருத்தியும் ஒன்பது வருஷமாக ஒருத்தியும் தொடாத அந்தப் பேர் கிடந்தது. சுப்பம்மாவின் முகம் மெதுவாகக் கோணியது. "ஐயோ, எம் புள்ளைக்கும் அதானேடி பேரு" என்று வாயில் அடித்துக்கொண்டாள். "எம் வாயால நானே பூட்டாருன்னு சொல்லிட்டேனே. பெத்தவளே சொல்லிட்டேனே." அவளைத் தேற்ற தேவானைக்கு நேரம் இல்லை. திட்டவும் நேரம் இல்லை. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள்.

காய்ச்சலோடு வந்த பர்மாக்காரர்களை ராயப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் அடைத்து வைத்திருப்பதாக அவள் கேள்விப்பட்டிருந்தாள். உள்ளே யாரையும் விடமாட்டார்கள் என்பதும் தெரியும். சென்ட்ரலுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் இந்த வாசலிலும் நின்று சேட்டு இருக்கிறாரா என்று கேட்டு, இல்லை என்ற பதிலோடு திரும்பியிருந்தாள். இன்றைக்கு வாசலில் காவல் இல்லை. முற்றத்தில் பாய்களைக் குவித்துக் கொளுத்திக்கொண்டிருந்தார்கள். சென்ட்ரல் பந்தலை முந்தின நாள் பிரித்துவிட்டு ரகுபதி இங்கே வந்திருந்தான். காகிதங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான்.

"சேட்டு இன்னும் வரலையேம்மா."

"சேட்டு இல்லீங்க. முந்தாநாளு கால்வாக் கரைக்கு ஒருத்தரு வந்து ஒரு பேரைக் கேட்டாராமே. அந்தப் பேருங்க. அதுதாங்க எங்க வூட்டாளு."

ரகுபதி ஒரு நோட்டை எடுத்துப் புரட்டினான். ஒரு பக்கத்தில் அவன் விரல் நின்றது. நிமிர்ந்து அவளைப் பார்த்த பார்வையிலேயே அவளுக்குப் பாதி உயிர் போயிற்று. "முருகையன், வயசு முப்பத்திரண்டு, துறைமுகக் கூலி. நீ சேட்டுன்னு எழுதிக் குடுத்தியேம்மா. பத்து நாளா இங்கேதான் இருந்தான். ஜுரம். நேக்கு இது இப்பத்தான் தெரியறது."

"உசுரோட கீதுங்களா?"

"இருக்கான். ஜுரம் விட்டு நாலு நாள் ஆச்சு. விலாசம் சொன்னான், ஆள் அனுப்பிச்சா. முருகையன் செத்துப் போயிட்டதா வீட்டுல சொல்றாளேன்னு வந்தவர் அவன்கிட்டயே சொல்லிட்டார்." ரகுபதி நோட்டை மூடினான். "எங்க வீட்டுலயே நான் செத்துட்டேனான்னு ஒரு தடவை கேட்டானாம். அதுக்கப்புறம் யார்கிட்டயும் பேசலையாம்."

பட்டணத்தைக் காலி செய்யும் உத்தரவில் இந்த அகதிக் காம்பையும் கலைத்திருந்தார்கள். தேடி ஆள் வராதவர்களை எல்லாம் திருச்சிப் பக்கம் ஒரு காம்புக்கு அனுப்புகிறார்கள், எழும்பூரில் இரண்டு மணி ரயில், அவனும் அதில்தான் என்றான். சுவரில் கடிகாரம் ஒன்றேகால் காட்டியது. ரகுபதி ஒரு துண்டுக் காகிதத்தில் அவசரமாக நாலு வரி எழுதிக் கொடுத்தான். "கேட்டுல இதைக் காட்டு, உள்ளே விடுவா. கடைசி ரெண்டு பெட்டி. போம்மா, நிக்காதே."

வெயில் மண்டையைப் பிளந்தது. ஜட்கா எல்லாம் சாமான் மேல் சாமானாக ஏற்றிக்கொண்டு போயின, கைகாட்டினால் நிற்கவில்லை. மவுண்ட் ரோட்டைத் தாண்டினாள். கூவம் பாலத்தைத் தாண்டினாள். கால் கொப்பளித்தது. சுலோச்சனா ஐந்து வயதுக்குக் கனமான பெண். கொஞ்ச தூரம் தூக்கினாள், கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு ஓடினாள். "நைனாவைப் பாக்கப் போறமா?" என்று அது கேட்டது. ஆமாம் என்று சொல்ல பயமாக இருந்தது. ஆமாம் என்றாள். இத்தனை நாள் அவன் இரண்டு மைலுக்குள் கிடந்திருக்கிறான். அவள் இங்கே கால்வாயைப் பார்த்துக்கொண்டு கருகின ஆப்பத்தைத் தின்றுகொண்டிருந்த காலையெல்லாம் அவன் அங்கே கிடந்திருக்கிறான். காட்டையும் மலையையும் நடந்து வந்தவனுக்கு ராயப்பேட்டையிலிருந்து மயிலாப்பூருக்கு வழி கிடைக்கவில்லை. அதை அடைத்தது ஜப்பான்காரன் இல்லை, நான்தான், என் வாய்தான் என்று நினைத்தபோது அவளுக்கு ஓலமிட வேண்டும்போல் இருந்தது. அழுதால் மூச்சு போய்விடும் என்று அழாமல் ஓடினாள்.

எழும்பூர் ஸ்டேஷனில் பட்டணம் முழுவதும் வந்து இறங்கியிருந்தது. அண்டா, குண்டான், தையல் மிஷின், தொட்டில், பூனைக்குட்டி. கேட்டுக்காரர் காகிதத்தைப் படித்தாரோ இல்லையோ, கூட்டம் அவளை உள்ளே தள்ளியது. ரயில் நின்றுகொண்டிருந்தது. என்ஜின் பக்கத்திலிருந்து கடைசிப் பெட்டிகளுக்குப் போவதற்குள் மணி அடித்துவிட்டார்கள். அந்த இரண்டு பெட்டிகளிலும் ஜன்னலுக்கு ஜன்னல் ஆண்கள். காய்ச்சலுக்காக எல்லோருக்கும் தலையை மழித்திருந்தது. எல்லோருக்கும் ஒரே மாதிரி காம்புச் சட்டை, எல்லோருக்கும் ஒட்டிப்போன ஒரே கன்னம். முதல் ஜன்னலிலிருந்து கடைசி ஜன்னல் வரை பார்த்துக்கொண்டு நடந்தாள். யாரும் அவன் இல்லை. எல்லோரும் அவன்போலவும் இருந்தார்கள்.

"சுலோச்சனா நைனா" என்று கூப்பிட்டாள். ஒருவரும் திரும்பவில்லை. சேட்டு என்றும் கூப்பிட்டுப் பார்த்தாள், காம்பில் யாருக்கும் தெரியாத அந்தப் பேரை வாங்கி உள்ளே சொல்ல ஆள் இல்லை. "இந்தாய்யா, இந்தா" என்றாள். நாலைந்து பேர் பார்த்தார்கள், யாரையோ கூப்பிடுகிறாள் என்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கார்டு கொடியை எடுத்துவிட்டார். தேவானை மகளை இறக்கி நிறுத்தினாள். வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அந்தப் பேருக்கு நாக்கு எங்கே போக வேண்டும், உதடு எப்படிக் குவிய வேண்டும் என்றே அவள் வாய்க்குத் தெரியவில்லை. இரண்டாம் தடவை வந்தது.

"முருகையா."

"யாரும்மா அது?" என்றாள் சுலோச்சனா.

பிளாட்பாரத்தில் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் இன்னொரு தடவை கத்தினாள். இரண்டு பெட்டியிலிருந்து மூன்று மொட்டைத் தலைகள் வெளியே நீண்டன. ஒருவர் கிழவர். ஒருவன் மீசை அரும்பாதவன். இன்னொருவனுக்கு ஒரு கண் மூடியிருந்தது. மூவருமே முருகையன்கள்தான், அவளுடையவன் இல்லை.

"நான் முருகையன்தாம்மா. ஒனக்கு எந்த முருகையன் வேணும்?" என்று கிழவர் கேட்டார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நகர ஆரம்பித்தது. தேவானை மகளைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடினாள்.

"மைலாப்பூர் முருகையன். கால்வாக் கரை முருகையன். சுப்பம்மா மவன் முருகையன். சேட்டு சேட்டும்பாங்க, அந்த முருகையன். எம் புருசன் முருகையன். செத்துட்டாருன்னு சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. தேவானை வந்துகீறான்னு சொல்லுங்க, தேவானை."

கிழவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். உள்ளே அவர் குரல் கேட்டது, "மைலாப்பூர் முருகையன் யாருப்பா, வீட்டுலேர்ந்து வந்திருக்காங்க." அடுத்த ஜன்னலில் வேறு ஒரு குரல் அதை வாங்கிச் சொன்னது. அதற்கடுத்த ஜன்னலில் இன்னொன்று. பெட்டியின் இருட்டுக்குள், முன்பின் தெரியாத ஆண்களின் வாயிலெல்லாம் முருகையன், முருகையன் என்று அந்தப் பேர் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. ரயில் அவளை முந்திக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பேரைக் கூப்பிட்டுக்கொண்டு, அது போகிற ஜன்னலுக்கு நேராக, கூடவே ஓடிக்கொண்டிருந்தாள்.